உதவித்தொகை இல்லாமல் வர முடியுமா?

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கொஞ்சக் காலம் போனால் எல்லாம் மறந்துபோகும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். காலம் போய்விட்டது. இப்போதும் காலி வீதியில் வெள்ளவத்தையைத் தாண்டி பஸ் போகும்போது, அந்தச் சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கண்ணாடி ஜன்னலைக் கண்டால் எனக்குக் காது சூடாகிறது. அந்த ஜன்னலில் வேறு பிள்ளைகளின் முகங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. சிரிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். அப்பா பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். துறைமுகத்தில் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் கிளார்க். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு ஃபார்மசியில் வேலை செய்கிறார். நான் ஒரே பிள்ளை. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சைக்குக் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் படிக்கலாம் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருந்ததில்லை. அதைக் கொண்டுவந்து போட்டவர், வெள்ளவத்தையில் அந்தச் சேலைக்கடைக்கு மேல் வெளிநாட்டுப் படிப்புக்கான ஏஜென்சி நடத்திய ஒருவர். எல்லோரும் அவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

சேர் ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பெரிய திரையில் படங்கள் காட்டினார். பனி கொட்டும் மரங்கள், செங்கல் கட்டடங்கள், புல்லில் படுத்திருந்து புத்தகம் வாசிக்கும் பிள்ளைகள். அமெரிக்காவில் சில கல்லூரிகள் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் என்றார். அது பொய்யல்ல. அப்படிச் சில கல்லூரிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றின் கதவு எவ்வளவு ஒடுக்கமானது, அதற்கு முன்னால் உலகம் முழுவதிலுமிருந்து எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. கணித ரீச்சர் என்னைக் காட்டி, “இவதான் எங்கட பெஸ்ட்” என்றார். சேர் தன் கார்டைத் தந்து, “வீட்டில கதைச்சுப் பாருங்கோ மகள்” என்றார்.

வீட்டில் கதைத்தோம். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா மட்டும், “அவருக்கு இதில என்ன லாபம்?” என்று கேட்டார். சேருக்குக் கட்டணம் இருந்தது. அப்பா அதைக் கட்டினார். அது எவ்வளவு என்று இன்றுவரை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விண்ணப்பம் எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அவர்களுக்கு எங்கள் வீட்டைப் பற்றி எவ்வளவு அறிய வேண்டியிருக்கிறது என்று. நிதியுதவிக்கு ஒரு தனிப் படிவம். அப்பாவின் சம்பளம், அம்மாவின் சம்பளம், வீடு சொந்தமா வாடகையா, வாகனம் உண்டா, வங்கியில் என்ன இருக்கிறது, உறவினர் யாராவது தருவார்களா, நண்பர்கள் தருவார்களா. எல்லாவற்றையும் டொலரில் எழுத வேண்டும். அப்பா சாப்பாட்டு மேசையில் சம்பளச் சிட்டைகளைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். உரத்த குரல்காரர். அன்றைக்கு மட்டும் மெதுவாக வாசித்தார். நாங்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. வருடத்துக்கு எங்களால் எவ்வளவு தர முடியும் என்ற கட்டத்தில் அப்பா சொன்ன தொகையை எழுதினேன். ஒரு ஆளுக்கு விமான டிக்கெட் எடுக்கக்கூடப் போதாத தொகை. அதுதான் உண்மை. அந்த உண்மையை அந்தக் கல்லூரி ஜனவரி மாதமே வாசித்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கட்டுரை. நீ யார் என்று உன் சொந்த வார்த்தையில் எழுது என்று கேட்டிருந்தார்கள். நான் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கப்பலில் கொள்கலன்களை எந்த ஒழுங்கில் அடுக்கினால் முதலில் இறக்க வேண்டியது அடியில் மாட்டுப்படாது என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டது, அந்தக் கேள்வியிலிருந்து கணக்கு எனக்குப் பிடித்துப்போனது, இப்படி. சேர் அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனா இது காணாது. நீங்க கொட்டாஞ்சேனைதானே?”

“ஓம் சேர்.”

“அப்ப அந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு? கோயில் உங்களுக்குக் கிட்டத்தானே. அதை எழுதுங்கோ. ஆரையும் இழந்தனீங்களோ?”

நான் மேசையில் கிடந்த கட்டுரையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். எங்கள் ஒழுங்கையில் அன்று பூசைக்குப் போய் வீடு திரும்பாதவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளை என்னோடு ஒரே ஸ்கூல் வேனில் வந்தவள். சேருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

“அங்க இருக்கிற ஆக்களுக்கு இப்பிடியான கதைதான் மனசைத் தொடும் மகள்,” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“செத்த பிள்ளையைக் காட்டி நீ ஒரு இடம் எடுக்கத் தேவையில்லை. அந்த மனுசனுக்குச் சொல்லு, ஏலாதெண்டு.”

நான் துறைமுகக் கட்டுரையையே அனுப்பினேன்.

மார்ச் மாதக் கடைசியில் பதில்கள் வரத் தொடங்கின. நாட்டில் டொலர் தீர்ந்துபோன அந்த நாட்களை இங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். கரண்ட் மணிக்கணக்காக இல்லை. சமையல் காஸ் இல்லை. ரூபாய் விழுந்துகொண்டே இருந்தது. ஜனவரியில் நான் டொலரில் எழுதிய அப்பாவின் சம்பளம், அவர் ஒருநாள்கூட லீவு எடுக்காமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே பாதியளவுக்குச் சுருங்கியது. மூன்று கல்லூரிகள் மன்னிக்கவும் என்று எழுதின. எனக்கு அழுகை வந்தாலும் அவற்றின் மேல் இன்று கோபம் இல்லை. நேராகச் சொல்லிவிட்டார்கள், ‘இல்லை’ என்றால் ‘இல்லை’.

நாலாவது கல்லூரிதான் என்னைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டது. அமெரிக்காவின் வடக்கே, பனிப் பகுதியில், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் படிக்கும் சின்னக் கல்லூரி. ‘உங்கள் கட்டுரை எங்கள் குழுவின் மனதில் நிற்கிறது. உங்களை இழக்க எங்களுக்கு விருப்பமில்லை. பட்டியலில் தொடர்ந்து இருக்கச் சம்மதமா?’ என்று கேட்டிருந்தார்கள். கீழே ஒரு பொத்தான். சம்மதம் என்று அழுத்தினேன். திரையில் கொண்டாட்டத்துக்குத் தூவுவதுபோல் வண்ணத் துணுக்குகள் கொட்டின. இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஏன் வண்ணத் துணுக்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“வெயிட் லிஸ்ட் எண்டா கிட்டத்தட்ட அட்மிஷன்தான் மகள்! கொங்கிராட்ஸ்!”

“சேர், அவங்க எய்ட் காசைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல.”

“அதெல்லாம் பிறகு வரும்.”

அந்த வார முடிவில் ஏஜென்சியின் முகநூல் பக்கத்தில் என் படம் வந்தது. பள்ளிக்கூடச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, விண்ணப்பத்துக்காக நான் சேரிடம் கொடுத்திருந்த படம். பின்னால் அந்தக் கல்லூரியின் மணிக்கூட்டுக் கோபுரம். மேலே, ‘அமெரிக்கக் கல்லூரிக்குத் தெரிவான எங்கள் மாணவியை வாழ்த்துகிறோம்!’ அதையே பெரிதாக அச்சடித்து அந்தக் கண்ணாடி ஜன்னலிலும் ஒட்டிவிட்டார்கள்.

எங்களுக்குத் தெரியும் முன்னரே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் ஒலிவாங்கியில், எங்கள் பங்கிலிருந்து ஒரு பிள்ளை அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறது என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழும்பி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்தான். பதினெட்டு வயதில், கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால், அப்பா பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போது யாரால் அது முடியும்? மாலையில் பக்கத்து வீட்டு அன்ரி கேக் கொண்டுவந்தார். முட்டையும் பட்டரும் கிடைக்காத காலத்தில் எங்கேயோ தேடிப் பிடித்து அடித்த கேக். அம்மா அதை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, குசினியில் நின்று, “இதை எப்பிடியடி நான் திண்ணுறது?” என்றார்.

அம்மாவே சேருக்குப் போன் எடுத்தார். படத்தை அகற்றச் சொன்னார். “அன்ரி, உங்கட மகளுக்குத்தானே பெருமை” என்று அவர் சிரித்தாராம். அதற்குப் பிறகு அம்மாவின் அழைப்புகளுக்கு அவர் பதில் சொல்லவில்லை.

மே மாதத்தில் அந்தக் கேள்வி வந்தது. இரண்டே பந்தியில் ஒரு மின்னஞ்சல். வகுப்பில் சில இடங்கள் மீதமிருக்கின்றன, உங்களைப் பரிசீலிக்கிறோம், இந்த வருடம் நிதியுதவி இல்லாமல் உங்களால் வந்து சேர முடியுமா, இரண்டு நாட்களுக்குள் பதில் தரவும்.

நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் வீட்டு மேசையில் அப்பா குரலைத் தாழ்த்தி வாசித்த அத்தனை எண்களும் அவர்களிடம் இருக்கின்றன. முழுச் செலவையும் தந்தால் மட்டுமே வர முடியும் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தவர்களிடம், சும்மா வர முடியுமா என்று கேட்கிறார்கள். பசிக்கிறது என்று சொன்னவனைக் கடை வாசலில் இரண்டு மாதம் நிறுத்திவைத்துவிட்டு, காசு இருக்கிறதா என்று கேட்பதைப் போல.

இந்தக் கேள்வியைப் பற்றி நான் அனுப்பிய செய்தியைக் கண்டதும் மட்டும் சேர் உடனே அழைத்தார்.

“ஓம் எண்டு அடியுங்கோ மகள். யோசிக்காதேங்கோ. ஒருக்கா உள்ள போயிட்டா அங்க போய் எய்ட் கேக்கலாம்.”

“முதல் வருசத்துக்குக் காசு?”

“விசாவுக்கு வங்கியில காசு காட்டத்தானே வேணும்? பாமன்கடைப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார். உங்கட அப்பாவின்ர கணக்கில ஒரு மாசம் போட்டு வைப்பார். பிறகு எடுப்பார். அவருக்கு ஒரு கொமிஷன் குடுத்தாச் சரி.”

“அது காட்டுறதுக்குச் சேர். கட்டுறதுக்கு?”

“நீங்க கனக்க யோசிக்கிறீங்கள்,” என்றார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் நடந்த சண்டையைப் போல அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. அப்பா சேர் சொன்னபடி செய்யலாம் என்றார்.

“ஓம்ண்டு எழுது மகள். பிறகு பாப்பம்.”

“எதைப் பாப்பம்?” அம்மா கேட்டார். “அங்க போய் அரை வருசத்தில, ஃபீஸ் கட்டேல்லையெண்டு திருப்பி அனுப்பினா? வங்கியில பொய்க் காசு காட்டினது பிடிபட்டா? பிடிபடுறது ஆர்? இவளோ, அந்தச் சேரோ?”

“எல்லாரும் இப்பிடித்தான் போறாங்க.”

“எல்லாரும் போகட்டும். என்ர பிள்ளை கள்ளக் கடுதாசியோட போகத் தேவையில்லை.”

அப்பா மேசையில் அடித்தார். “இந்த நாட்டுல என்ன இருக்கு? சொல்லு! பெட்ரோல் இருக்கா? மருந்து இருக்கா? உன் ஃபார்மசியில பனடோல் இருக்கா?”

உண்மையாகவே அந்த வாரம் அம்மாவின் ஃபார்மசியில் காய்ச்சலுக்குப் போடும் பனடோல்கூட இருக்கவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் பொய் சொல்லாமல், ஒருவரும் கெட்டவராக இல்லாமல், இரண்டு பேரும் என்னை வைத்து ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தது ஒரு இரண்டு பந்தி மின்னஞ்சல். அனுப்பியவர் அதை மறந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.

நான் பதில் எழுதினேன். முடியாது என்று எழுதினேன். ஜனவரியில் எழுதியதைவிட எங்கள் நிலைமை இப்போது மோசம் என்றும், இது உங்களுக்கு முன்னமே தெரிந்ததுதானே, பிறகு ஏன் கேட்டீர்கள் என்றும் எழுதினேன். 

இரண்டு நாள் கழித்து அந்தக் கல்லூரியில் எங்கள் நாடுகளுக்குப் பொறுப்பான அலுவலர் இணையத்தில் அழைத்தார். அங்கே காலை, இங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. கரண்ட் இல்லாததால் நான் வெளிச்சத்துக்காக மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். நடுவயதுப் பெண். நல்ல முகம். என் பெயரை ஒழுங்காக உச்சரிக்கப் பழகிக்கொண்டு வந்திருந்தார். அதற்கே எனக்கு முதலில் கோபம் பாதி இறங்கிவிட்டது.

எங்கள் நாட்டுச் செய்திகளைப் பார்ப்பதாகவும் மிகவும் கவலையாக இருப்பதாகவும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். பிறகு கேட்டேன், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை எப்போது முடிந்தது என்று.

“மார்ச் மாதத்தில்,” என்றார். “முதலில் தெரிவான பிள்ளைகளோடு முடிந்துவிட்டது.”

“என்னைப் பட்டியலில் போட்டதும் மார்ச்சில்தானே?”

“ஆமாம்.”

“அப்படியென்றால், உதவி தேவைப்படும் வெளிநாட்டுப் பிள்ளை ஒருத்தியையாவது இந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வழி இருந்ததா?”

“இந்த வருடம் இல்லை,” என்றார். பிறகு, நேர்மையான பெண் என்பதால், “கடந்த சில வருடங்களாகவே இல்லை” என்றும் சொன்னார்.

“அப்படியானால் ஏன் போட்டீர்கள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “உங்களுக்கு ‘இல்லை’ என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. உங்கள் விண்ணப்பம் அவ்வளவு நன்றாக இருந்தது.”

அவர் அதை அன்போடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அவர்களுக்கு மனம் வரவில்லையாம். ‘இல்லை’ என்று சொன்னால் அவர்களுக்கு ஒரு பின்னேரம் மனசு கஷ்டப்பட்டிருக்கும். அந்தக் கஷ்டத்தைத் தவிர்க்க, அதை இரண்டு மாதத்துக்கு எங்களிடம் தந்துவிட்டார்கள். கோயிலில் கைதட்டு, பக்கத்து வீட்டுக் கேக், அப்பா மேசையில் அடித்த அடி, எல்லாம் அவர்களுடைய மென்மையான மனதுக்கு நாங்கள் கட்டிய விலை.

என்னுடைய ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். கோபத்தில் அது இன்னும் தடுமாறும். ஆனாலும் சொன்னேன்: “மடம், நீங்கள் என்மேல் இரக்கப்படவில்லை. உங்கள்மேல் இரக்கப்பட்டீர்கள்.”

அவர் கழற்றிய கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, நான் சொன்னதைத் தன் குழுவிடம் எடுத்துச் சொல்வதாகச் சொன்னார். சொன்னாரோ தெரியாது. அழைப்பு முடிந்ததும் நான் படியிலேயே இருந்து அழுதேன். அம்மா வந்து பக்கத்தில் இருந்தார். என்னவென்று கேட்கவில்லை. நானாகச் சொல்லி முடித்ததும், “நாளைக்கு எனக்கு ஓஃப். வெள்ளவத்தைக்குப் போவம்” என்றார்.

பஸ்ஸுக்கு டீசல் இல்லாத நாட்கள். கோட்டை வரைக்கும் ஒரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், அங்கிருந்து ரயிலில் நசுங்கிக்கொண்டு வெள்ளவத்தையில் இறங்கினோம். கடற்கரைப் பக்கமிருந்து காலி வீதிக்கு ஏறும்போது அம்மாவின் சேலை வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மேல்மாடி ஜன்னலில் என் முகம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மாடியில் அன்று செமினார். நாங்கள் அறிந்து போகவில்லை. அறை நிரம்பி, கதிரை இல்லாமல் சனம் சுவரோரமாக நின்றது. அந்த மாதங்களில் யாருக்குத்தான் வெளியே போகும் ஆசை இருக்கவில்லை? தாய் தகப்பன்மார், பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒருத்தர். திரையில் என் படம் ஓடிக்கொண்டிருந்தது. கதவடியில் எங்களைக் கண்டதும் சேர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரிப்பைப் போட்டுக்கொண்டார்.

“இதோ, ஆளே வந்திட்டா! வாங்கோ மகள், வாங்கோ. இவதான் அந்த ஸ்ருடன்ட். உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ.”

ஒலிவாங்கியை அவரே என் கையில் தந்தார். நான் அதை மறுத்திருந்தால் இன்றைக்கு என்மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருப்பேன்.

“எனக்கு அந்தக் கொலிஜ்ல இடம் கிடைக்கேல்ல,” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. “என்னை வெயிட் லிஸ்ட்ல போட்டவங்கள். எய்ட் இல்லாம வர ஏலுமோ எண்டு கேட்டவங்கள். ஏலாது எண்டன். அவ்வளவுதான். இந்தப் படம் போட்டது எங்களைக் கேக்காம. எடுக்கச் சொல்லியும் எடுக்கேல்ல.”

சேர் ஒலிவாங்கியை வாங்கக் கை நீட்டினார். நான் அதை மற்றக் கைக்கு மாற்றினேன். “வெளிநாட்டுப் பிள்ளையளுக்கான காசு மார்ச்சிலேயே முடிஞ்சிட்டுதாம். வெயிட் லிஸ்ட்ல இருந்து எடுக்கிறது காசு கட்டக்கூடிய ஆக்களை மட்டும்தான். அவங்களே எனக்குச் சொன்னவங்கள். சேர் உங்களுக்கு இதைச் சொன்னவரோ?”

சிலர் சேரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த ஒரு தகப்பன் எழும்பினார். ஏஜென்சியைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“தங்கச்சி, உங்களுக்குக் கிடைக்கேல்ல எண்டதுக்காக மற்றப் பிள்ளையளின்ர மனசை உடைக்காதேங்கோ,” என்றார். “நாங்க கஷ்டப்பட்டு வந்திருக்கிறம்.”

சிலர் ஓம் ஓம் என்றார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர்களுக்காகத்தான் சொல்கிறேன் என்று நான் நம்பியிருந்தேன். அவர்களுக்கோ நான் கதவடியில் நின்று வழியை மறைக்கும் ஒரு பெண்.

பின்வரிசையில், கறுப்பு அபாயா அணிந்த ஒரு தாய் கை உயர்த்தினார். பக்கத்தில் அவருடைய மகள், என் வயதுதான் இருக்கும்.

“மகள், அப்ப காசில்லாதவங்க அப்ளை பண்ணவே வாணாமா?”

அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

“பண்ணுங்கோ அன்ரி. ஆனா வெயிட் லிஸ்ட்ல போட்டா உடன எழுதிக் கேளுங்கோ, எய்ட் கேட்ட வெளிநாட்டுப் பிள்ளையை இதில இருந்து எடுக்கிறனீங்களோ எண்டு. எழுத்தில கேளுங்கோ. நான் கேக்கேல்ல. என்னட்ட ஒருத்தரும் கேக்கச் சொல்லேல்ல.”

அவர் மகளிடம் ஏதோ சொன்னார். மகள் போனில் குறித்துக்கொண்டாள். அதற்குள் சேர், “சரி சரி, இப்ப ஒரு டீ பிரேக்” என்று கத்த, உதவியாளர் ஒருவர் ரோல்ஸும் பிளேன்டீயும் கொண்டுவந்தார். சனம் எழும்பித் தட்டுகளைப் பார்த்து நகர்ந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பதிவுசெய்யும் மேசையில் வரிசைகூட நின்றது. நான் கொஞ்சம் முன் சொன்ன வார்த்தைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. சேர்மேல் மட்டும் இல்லை. ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோர்மேலும். பிறகுதான் யோசித்தேன். அப்பாவும் அங்கே இருந்திருந்தால் அந்த வரிசையில் நின்றிருப்பார்.

அம்மா இதொன்றையும் கவனிக்கவில்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த கதிரையில் போய் இருந்துவிட்டார். அங்கே வேலை செய்த பெண் பாவம், எழும்பி நின்றாள்.

“அன்ரி, அது ஸ்டாஃப் சீட்,” என்றார் சேர்.

“தெரியும் தம்பி. என்ர பிள்ளையின்ர படத்தை அந்த ஜன்னலில இருந்தும், உங்கட பேஸ்புக்கில இருந்தும் எடுங்கோ. நீங்க எடுக்குமட்டும் நான் இதில இருக்கிறன். எனக்கு இண்டைக்கு வேலை இல்லை.”

“நாளைக்கு எடுக்கிறம்.”

“அப்ப நாளைவரைக்கும் இருக்கிறன்.”

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. ஃபார்மசியில், டொக்டரின் சீட்டு இல்லாமல் மருந்து கேட்டுச் சண்டை பிடிப்பவர்களோடு கதைக்கும் அதே குரல். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். சேர் உதவியாளரைக் கூப்பிட்டார். ஏணி கொண்டுவந்து படத்தை உரித்தார்கள். ஒட்டு பலமாக இருந்ததால் அது ஒரேயடியாக வரவில்லை. முதலில் கோபுரம் வந்தது, பிறகு என் நெற்றி, பிறகு வாய். முகநூல் படத்தை அம்மாவுக்கு முன்னாலேயே அழித்தார்கள். அம்மா எழும்பி, கதிரையைத் துடைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம், “குறை நினைக்காதே பிள்ளை” என்றார். காசைத் திருப்பித் தருவாரா என்று நான் படியில் கேட்டேன். “அது போனது போனதுதான்” என்றார். அது போனதுதான்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன் ஃபாதரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், தயவுசெய்து இதையும் அறிவியுங்கள் என்றேன். அவர் என் தலையில் கை வைத்து, இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஆண்டவர் வேறு வழி வைத்திருப்பார் என்றார். அதனால் ஒவ்வொருவருக்கும் நானே தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சந்தையில், லேனில், பஸ் தரிப்பிடத்தில். “எப்ப பயணம்?” என்று கேட்பார்கள். “பயணம் இல்லை” என்பேன். முகம் வாடி, “ஐயோ, விசா குடுக்கேல்லையா?” என்பார்கள். இரண்டு மூன்று மாதம் அதே கேள்வி, அதே பதில். கைதட்டுக்கு ஒலிவாங்கி இருந்தது. இதற்கு இருக்கவில்லை.

உயர்தரப் பெறுபேறு நன்றாக வந்தது. கொழும்பிலேயே பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் கிடைத்தது. கணிதம் படிக்கிறேன். தொடங்குவதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது, இடையில் வேலைநிறுத்தங்களும் வந்தன. ஆனால் கட்டணம் இல்லை. அப்பாவின் சம்பளச் சிட்டையை வைத்து நான் கெட்டிக்காரியா என்று இங்கே யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் அப்பா அரைநாள் லீவு போட்டு என்னோடு வந்தார். வரத் தேவையில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. வாசலில் நின்று, உள்ளே தெரிந்த கட்டடங்களையும் மரங்களையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“இதுவும் நல்ல இடம்தான், என்ன மகள்?”

அந்த ‘இதுவும்’, அந்த ‘தான்’. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த இடத்துக்கு வர எத்தனை பிள்ளைகள் இரவு பகலாகப் படிக்கிறார்கள். அப்பாவே எத்தனை முறை இந்த வாசலை பஸ்ஸிலிருந்து எனக்குக் காட்டியிருக்கிறார். அந்தக் கல்லூரியும் அந்தச் சேரும் சேர்ந்து இதை எங்களுக்கு ஒரு ஆறுதல் பரிசாக்கிவிட்டார்கள். என் அப்பாவை, மகள் பல்கலைக்கழகம் போகும் நாளில், மன்னிப்புக் கேட்பவர் மாதிரி நிற்க வைத்துவிட்டார்கள். பணம் தராதது அவர்கள் இஷ்டம். இதற்கு அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

“நல்ல இடம் அப்பா,” என்றேன். “‘தான்’ போட வேண்டாம்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு என் புத்தகப் பையின் வாரை, சின்னப் பிள்ளைக்குச் செய்வதைப் போல, தோளில் சரிசெய்துவிட்டு, வேலைக்குப் போக பஸ் தரிப்பிடம் பக்கமாக நடந்தார். நான் உள்ளே போனேன்.